ஈயத்துக்கு உட்பொருள் சொன்னவர்

உலகத்தில் பொருளைப் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். பொருளுக்குப் பொருள் சொல்கிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாரால் யாருக்கும் ஆபத்தில்லை. பழைய செம்புக் குடம் ஒன்றைப் பார்த்தால், "அட, நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டாம் ரகத்தார் நகரமாட்டார்கள். நம்மையும் நகரவிடமாட்டார்கள். குடத்துக்கும் நமக்கும் நடுவில் வந்து நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "இதை வெறும் குடம்னு நினைச்சீங்களா?" என்று ஆரம்பிப்பார்கள். குடத்தைக் குடமென்று நினைப்பதைவிடப் பெரிய குற்றம் அவர்கள் சட்டத்தில் கிடையாது.

நீங்கள் அவரைச் சந்தித்திருக்கிறீர்கள். அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பேழையருகே நீங்கள் குனிந்த மறுவினாடி உங்கள் காதோரம் மூச்சு விட்டாரே, அவர்தான். அந்த ரகத்தில் ஒருவரைப் பிடித்து வெளிச்சத்தில் நிறுத்துவோம். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு உண்டு. ஆனால் எதைக் கண்டாலும் "இதுக்கு ஒரு உட்பொருள் இருக்கு" என்று சொல்லிச் சொல்லி, உட்பொருளார் என்றே ஆகிப்போனார். அந்தப் பெயரையும் பட்டமாக எடுத்துக்கொண்டு பூரித்தார் என்றால் ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

ஓய்வு பெறும்வரை காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவர். எரிந்து கரியாகிக் கிடக்கும் வீட்டின் முன்னால் நின்று, "இது விபத்துதானா?" என்று கேட்டே காலம் தள்ளியவர். கண்ணுக்குத் தெரிவதை நம்பக்கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்கிய மனிதர், ஓய்வுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து காய்கறியா நறுக்குவார்? ஊர் அருங்காட்சியகத்தின் நண்பர்கள் சங்கத்தில் சேர்ந்தார். உலோகக்கூடத்தில் ஞாயிறுதோறும் வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் திருப்பணியைத் தானே தன் தலைமேல் போட்டுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. வேண்டாமென்று சொல்லவும் யாருக்கும் துணிச்சல் இல்லை.

அவருடைய கடைச்சரக்கு மிகவும் கொஞ்சம். தங்கம் என்றால் சூரியன், அழியாமை, அரசு. வெள்ளி என்றால் நிலா, தூய்மை. செம்பு காதல். வெண்கலம் வீரம். இரும்பு போர். ஈயம் துக்கம். அவ்வளவுதான். இந்தச் சில்லறையை வைத்துக்கொண்டு மனித குலம் இதுவரை வார்த்த, அடித்த, தட்டிய, செதுக்கிய அத்தனைக்கும் அவர் கணக்குத் தீர்த்துவிடுவார். பொருளை ஏறிட்டுப் பார்க்கவேண்டிய தேவையே அவருக்கு வராது. அட்டையில் ‘வெண்கலம்’ என்று எழுதியிருந்தால் போதும், பேழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவார்.

"இந்தக் கண்ணாடியைப் பாருங்க. வெண்கலம். முகம் பார்க்கிறதுக்குன்னு நினைப்பீங்க. இல்லை! அந்தக் காலத்து மனுஷன் இதுல தன்னோட வீரத்தைப் பார்த்தான்."

"அப்ப தலை வாரிக்க எதைப் பார்த்தான்?" என்று ஒரு தடவை ஒரு பெண்மணி கேட்டார்.

உட்பொருளார் புன்னகை செய்தார். அந்தப் புன்னகையை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். படுக்கையில் கிடக்கிற நோயாளியைப் பார்த்து, பிழைக்கமாட்டார் என்று தெரிந்த டாக்டர் சிரிக்கிற சிரிப்பு அது. பெண்மணி அடுத்த பேழைக்குப் போனார். அங்கே ஓர் இரும்புக் கரண்டி இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள், "போர்" என்றார் உட்பொருளார்.

"கரண்டிங்க இது."

"பசியோட போர்."

இப்படிப்பட்டவரோடு ஒரு பெண் முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறாள் என்றால், அவளைப் பற்றிச் சொல்லாமல் போவது பாவம். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவளாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆயிரக்கணக்கான மனிதர்களின் உட்புறத்தைப் படம் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். உள்ளே எலும்பைத் தவிர வேறெதையும் அவள் கண்டதில்லை. எப்போதாவது விழுங்கிய ஊக்கு. அதனால் புருஷனின் உட்பொருளை அவள் மழைச் சத்தம்போல எடுத்துக்கொள்வாள்: பெய்யட்டும், ஜன்னலைச் சாத்தினால் போகிறது.

அவளுடைய அப்பா பல் டாக்டர். வாரக்கடைசிகளில் பழைய சாமான் சந்தைகளில் சுற்றி, கண்ணுக்குப் பிடித்த சின்னச் சின்ன உலோகச் சாமான்களை வாங்கி வருவது அவருக்குப் பழக்கம். அதற்கெல்லாம் அவர் காரணம் சொன்னதே கிடையாது. மாப்பிள்ளை ஒரு தடவை அவர் வீட்டுக் கதவின் பித்தளைக் கைப்பிடிக்கே விளக்கம் சொல்லத் தொடங்கியபோது, "என் நாற்காலியில உட்கார்ந்து வாயைத் திறந்தவங்க யாரும் பேசினது கிடையாது. நீங்க ஒரு தடவை வந்து உட்காருங்களேன்" என்றார். மாப்பிள்ளைக்கு அது விளங்கவில்லை. உட்பொருள் இருக்கிற பேச்சு மட்டும் அவருக்கு விளங்குவதில்லை.

கிழவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் இந்த எக்ஸ்ரேக்காரி. இளையவள் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவள். கண்பார்வை மங்கியபிறகு அப்பா இளையவள் வீட்டில்தான் இருந்தார். கடைசியில் படுக்கையில் விழுந்தபோது இரண்டு பெண்களையும் கூப்பிட்டு, மூத்தவளுக்குத் தங்கமாய் மினுங்கும் பழைய பறவைப் பொம்மை ஒன்றையும், இளையவளுக்கு மங்கிக் கறுத்துப்போன ஒரு சின்னப் பெட்டியையும் கொடுத்தார். மிச்சத்தை யார்யாருக்கோ கொடுத்துவிட்டார். பிறகு போய்ச் சேர்ந்தார்.

துக்கமெல்லாம் ஒருவாறு அடங்கிய பிறகு ஒருநாள் இளையவள் உறவுக்காரர்களைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அப்பாவின் தங்கையான அத்தை வந்திருந்தாள். எங்கே பொறி விழும், எதை ஊதலாம் என்று காத்திருக்கும் சித்தப்பாவும் வந்திருந்தார். சாப்பாடு முடிகிற நேரத்தில் அலமாரிமேல் இருந்த பெட்டி உட்பொருளாரின் கண்ணில் பட்டது. வெண்கலக் கடைக்குள் யானை நுழைந்தது.

"மாமா குடுத்த பெட்டிதானே இது? ஈயம்" என்றார், தொட்டுக்கூடப் பார்க்காமல்.

"அப்ப அந்தப் பறவை?" என்று ஊதிவிட்டார் சித்தப்பா.

"தங்கம்."

"கெட்டியா, பூச்சா?"

"அது கடைக்காரன் கேள்வி, சித்தப்பா. உட்பொருள் தங்கம். தங்கம்னா சூரியன். அழியாதது. ராஜாக்கள் யாருக்குத் தங்கம் குடுப்பாங்க? மனசுக்கு நெருக்கமானவங்களுக்கு. ஈயம் அப்படியில்ல. பழைய காலத்துல எதிரிக்குச் சாபம் எழுதி கிணத்துல போடுறது ஈயத் தகட்டுலதான். சவப்பெட்டிக்குள்ள அடிக்கிறதும் ஈயம்தான். ஈயம்னா பாரம், துக்கம். மாமா சாதாரண ஆள் இல்ல, தெரியாம குடுத்திருக்கமாட்டார். வாயால சொல்ல முடியாததை உலோகத்தால சொல்லிட்டுப் போயிருக்கார்."

அறையில் ஒரு கரண்டிகூடச் சத்தம் போடவில்லை. காது கொஞ்சம் மந்தமான அத்தை, "என்ன சொல்றான்?" என்று கேட்டாள். கடைசி நாள்வரை அப்பாவைக் குளிப்பாட்டி, துடைத்து, வாயில் கஞ்சி ஊட்டிய இளையவள், கையிலிருந்த தண்ணீர்க் குவளையை மேசைமேல் வைத்தாள். யாரையும் பார்க்காமல் அக்காவை மட்டும் பார்த்தாள்.

அக்கா என்ன செய்திருக்கவேண்டும்? "வாயை மூடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும். இவ்வளவு காலமாக ஜன்னலைச் சாத்திப் பழகியவளுக்கு அன்றைக்கு மட்டும் கை வரவில்லை. சின்ன வயதிலிருந்து அப்பாவுக்குச் செல்லம் இளையவள்தான் என்று எல்லோரும் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் அவள். முதல் தடவையாக ஒருவர், நாலு பேர் நடுவில், நீதான் தங்கம் என்கிறார். புத்தி அதை நம்பவில்லை. ஆனால் உதட்டுக்குப் புத்தியின் உத்தரவு வருவதற்குள் அதன் ஓரம் லேசாக விரிந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். தாமதமாகிவிட்டது.

மறுநாள் காலையில் தங்கையிடமிருந்து போன் வரவில்லை. விடிந்ததும் ஒருத்தி மற்றவளைக் கூப்பிட்டு, "எழுந்தாச்சா?" என்று கேட்பது கல்யாணமான நாளிலிருந்து இருந்த பழக்கம். அடுத்த நாளும் வரவில்லை. மூத்தவள் கூப்பிட்டபோது, "கடையில ஆள் இருக்கு" என்று வைத்துவிட்டாள். பிறகு கடையில் எப்போதும் ஆள் இருந்தது.

உட்பொருளார் இதைக் கவனித்தாரா? ஈயம் எந்தக் கோளுக்கு உரியது என்பதைக் கவனிக்கிற மனிதருக்கு, வீட்டில் போன் அடிக்காததைக் கவனிக்க நேரம் ஏது? அவர் ஒரு பேருரை தயாரித்துக்கொண்டிருந்தார். தலைப்பு: ‘தங்கமும் ஈயமும்: ஒரு தகப்பனின் மௌன சாசனம்’. அருங்காட்சியக அரங்கில் கூட்டம். பறவையும் பெட்டியும் மேடைமேல் வைக்கப்படவேண்டும். பறவை கைவசம் இருந்தது. பெட்டிக்காக ஒருநாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு இளையவளின் கடைக்குப் போனார்.

கடை முழுக்கத் துணிச் சுருள்கள். ஓரத்தில் தையல் மெஷின். பெட்டி மெஷினுக்குப் பக்கத்தில் மேசைமேல் இருந்தது. திரைச்சீலை மாட்டும் கொக்கிகளை அதில் போட்டு வைத்திருந்தாள்.

"ஈயப் பெட்டியில கொக்கியா!" என்று உட்பொருளார் பரவசப்பட்டார். "துக்கம் மனுஷனைக் கொக்கி போட்டு இழுக்கும்னு நீயே அறியாம..."

"பெட்டி வேணுமா அத்தான்?"

"ஒரு கூட்டத்துக்கு. முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துருவேன்."

இளையவள் பெட்டியைக் கவிழ்த்தாள். கொக்கிகள் கலகலவென்று மேசையெல்லாம் கொட்டி உருண்டன. வெறும் பெட்டியை நீட்டினாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்க. திருப்பித் தரவேண்டாம்."

வாசல்படியில் நின்ற அக்காவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. வழியெல்லாம் உட்பொருளார், திருப்பித் தரவேண்டாம் என்றதில் எவ்வளவு பெரிய அர்த்தம் பொதிந்திருக்கிறது என்று விளக்கிக்கொண்டே வந்தார். பாவி மனிதருக்கு அன்றைக்கு ஒன்றே ஒன்று சரியாக வாய்த்தது: அந்தப் பேச்சில் நிஜமாகவே ஓர் அர்த்தம் இருந்தது. அதற்கும் அவர் வேறு அர்த்தம் சொன்னார்.

கூட்டத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. இந்த ரகத்தாருக்கு எப்போதும் அரங்கம் நிறையும். தாமாகப் பார்த்துக்கொள்ளச் சோம்பல்படுகிறவர்களுக்கு உலகத்தில் பஞ்சமா? வெளியாரின் சாமான் எதையும் மேடையில் வைக்குமுன் பரிசோதிப்பது அங்கே வழக்கம். அதற்குப் பொறுப்பான பராமரிப்பு அதிகாரி அம்மாள், மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் உட்பொருளாரிடம் பெட்டியையும் பறவையையும் ஒரு துணியில் வைத்து நீட்டினார். மூத்தவளும் அங்கே நின்றிருந்தாள்.

"சார், ஒரு விஷயம். இது ஈயம் இல்லை. வெள்ளி. ரொம்ப நாளாத் துடைக்காம கறுத்திருக்கு. ஒரு மூலையைத் துடைச்சேன், பாருங்க."

மூலை பளிச்சென்று இருந்தது.

"பறவை செம்பு. மேல மெல்லிசா தங்கப் பூச்சு. அடியில தேஞ்ச இடத்துல சிவப்பு தெரியுது."

உட்பொருளார் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். ஆள் தொலைந்தார் என்றுதானே நினைக்கிறீர்கள்? மூத்தவளும் அப்படித்தான் நினைத்தாள். இன்றோடு இந்தப் பேச்சு ஒழிந்தது, பெட்டியை எடுத்துக்கொண்டு தங்கையிடம் ஓடலாம் என்று ஒரு நிமிஷம் அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஏமாந்தாள். நாமும் ஏமாந்தோம். உண்மை குறுக்கே வந்து நின்றதற்காக வண்டியைத் திருப்புகிறவர்கள் வேறு ரகம். இவர் தண்ணீரை விழுங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, முன்னைவிட நிமிர்ந்து மேடையேறினார்.

"நண்பர்களே, ஒரு தகப்பனாருக்கு இரண்டு மகள்கள்..."

வெண்கலக் குரல். தகப்பன் ஒரு மகளுக்குக் கொடுத்தது வெள்ளியாம். வெள்ளி என்றால் தூய்மை. அதையும் கறுப்புக்குள் மறைத்துக் கொடுத்தாராம். தன்னைக் கருக்கிக்கொண்டு பிறருக்கு உழைக்கும் ஒரு ஜீவனுக்கு அவர் செய்த மௌன வணக்கமாம். இதை முதல் பார்வையிலேயே தாம் உணர்ந்துவிட்டாராம். இன்னொரு மகளுக்கு? இங்கே அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மேலே தங்கம். உள்ளே செம்பு. வெறும் பூச்சு. பகட்டு. பெத்த தகப்பனுக்குத் தெரியாதா, எந்த மகள் உள்ளும் புறமும் ஒண்ணா இருக்கா, எவள் மேல்மினுக்குன்னு? அந்த மகள் கையில இதைக் குடுக்கும்போது, தேய்க்கத் தேய்க்க உன் சாயம் வெளுத்துரும்னு சொல்லாமல் சொன்னார்!"

கைதட்டல்.

முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த மூத்தவளுக்குக் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல இருந்தது. உறவுமுறை தெரிந்த இரண்டொருவர் திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, அவசரமாகக் கூரையைப் பார்த்தார்கள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளைக் காயப்படுத்தவேண்டும் என்று அவருக்கு எள்ளளவும் எண்ணமில்லை. அதுதான் கொடுமை. அந்தச் செம்பு யாரென்று அவருக்கு ஞாபகமே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள் ஓர் எடுத்துக்காட்டாகப் போய்விட்டாள். அவமானத்தோடு இன்னொன்றும் அவளைக் குத்தியது. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில், உழைத்துக் களைத்த கையில் குவளையோடு, இதே ஈயத்தைத்தான் இளையவள் காதில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

அவள் எழுந்தாள். மேடையேறினாள். பெட்டியை எடுத்தாள்.

"எங்க எடுத்துக்கிட்டுப் போற?" என்றார் உட்பொருளார், ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு.

"கொக்கியெல்லாம் மேசையில கொட்டிக் கிடக்கு."

அவள் படியிறங்கிப் போனாள். அவர் கையை எடுத்தார். "பார்த்தீர்களா, வெள்ளி தன் இடத்தைத் தேடிப் போகிறது!" அதற்கும் கைதட்டினார்கள்.

கடையில் இளையவள் தனியாக இருந்தாள். மூத்தவள் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

"வெள்ளியாம்."

"தெரியும். அப்பா இருக்கும்போதே ஒரு தடவை துடைச்சேன். மறுபடி கறுத்துப்போச்சு, விட்டுட்டேன். பறவை செம்புன்னும் தெரியும்."

"தெரிஞ்சும் அன்னிக்கு ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா? அத்தான் சும்மா இருப்பாரா? அத்தனை பேர் முன்னாடி உன்னைச் செம்புன்னு சொல்லியிருப்பார். உனக்கு எப்படி இருந்திருக்கும்?"

மூத்தவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அவர் சொன்னது எனக்கு வலிக்கலைக்கா. அவர் சுவத்தைப் பார்த்தாலும் சொல்லுவார். ஆனா நீ சிரிச்ச. ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளிக்கும்னு சொல்லுவாங்களே, அப்படிச் சிரிச்ச."

"ஆமா. சிரிச்சேன்."

"ஏன்?"

"நீ அப்பாவை வச்சுப் பார்த்துக்கிட்ட. அவர் தூங்கும்போதுகூட உன் பேரைத்தான் கூப்பிட்டார். எனக்கு... அந்த ஒரு நிமிஷம் நல்லா இருந்தது. பொய்னு தெரியும். இருந்தாலும் நல்லா இருந்தது."

இளையவள் நூலை வெட்டினாள். கொஞ்ச நேரம் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு கொக்கிக் குவியலை அக்காவின் பக்கம் தள்ளினாள்.

"பொறுக்கிப் போடு. பெருசு வேற, சின்னது வேற."

மூத்தவள் பொறுக்கினாள். கண் கலங்கியிருந்ததால் பெரிதும் சின்னதும் கலந்துதான் விழுந்தன. இளையவள் பார்த்தும் திருத்தவில்லை.

"அப்பா ஏன் பறவையை எனக்குக் குடுத்தார்?"

"முதல்ல எனக்குத்தான் குடுத்தார். நான்தான் வேண்டாம்னேன். அதோட மூக்கைப் பார்த்தியா, எவ்வளவு கூர்? இங்க வச்சா வலைத்துணியெல்லாம் மாட்டிக் கிழியும்."

மூத்தவள் சிரித்துவிட்டாள். இந்தத் தடவை தங்கையும் சேர்ந்து சிரித்தாள்.

வீட்டுக்குப் போனபோது உட்பொருளார் வெற்றிக்களையோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். சங்கத்தில் அவரைக் கௌரவ ஆலோசகர் ஆக்கப்போகிறார்களாம். "உன்னையா சொன்னேன்? செம்பைத்தானே சொன்னேன்" என்றார், அவள் முகத்தைப் பார்த்ததும்.

"செம்போ தங்கமோ, என் அப்பா மனசை இனிமே உங்க வாயால திறக்காதீங்க. இன்னொரு தடவை திறந்தா, நான் தங்கச்சி வீட்டுல இருப்பேன். அதுக்கு உட்பொருள் கிடையாது."

அவர் அதற்குப் பிறகு மாமனாரைப் பற்றிப் பேசவில்லை. பயம்தான். அடுத்த தடவை இளையவள் வீட்டில் சாப்பிடப் போனபோது, தட்டு, தம்ளர், கரண்டி, தண்ணீர் ஜாடி எல்லாமே பிளாஸ்டிக்காக இருந்தன. உலோகம் என்று ஓர் ஊசிகூடக் கண்ணில் படவில்லை. உட்பொருளார் முக்கால்வாசிச் சாப்பாடுவரை வாயைத் திறக்கவில்லை. அத்தைகூட, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தாள். பிறகு அவர் தம்ளரை மெதுவாகத் தூக்கி, வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"பிளாஸ்டிக்னா என்னன்னு நினைக்கிறீங்க?"

அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று பெருமூச்சு விடுகிறீர்கள். மிகவும் சந்தோஷம். ஒன்றே ஒன்று கேட்கலாமா? கறுத்துக் கிடந்த வெள்ளிப் பெட்டி தங்கையைத்தான் குறிக்கிறது, பூச்சுப் பறவை அக்காவைத்தான் குறிக்கிறது, கொட்டிக் கிடந்த கொக்கிகள் உடைந்துபோன உறவைக் குறிக்கின்றன என்று படிக்கும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வரவில்லையே? இல்லை என்கிறீர்களா?

அப்படியானால், கையில் எதற்கு அந்தப் பென்சில்?